எண்ணெய் வார்க்கப்படாத தலை

பாபிலோன் அரண்மனையின் ரேஷன் கணக்கு ஒன்றிலிருந்து இந்த வாரம் தொடங்குவோம்.

ராபர்ட் கோல்டேவே என்ற ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். தெற்கு அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகள் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றைப் படித்து 1939-ல் வெளியிட்டவர் எர்ன்ஸ்ட் வைட்னர். அரண்மனைச் செலவில் வாழ்ந்தவர்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தோம் என்று குமாஸ்தா எழுதிவைத்த வெறும் கணக்குதான். தச்சர்கள், எகிப்தியர்கள், பினீசியத் துறைமுகங்களின் ஆட்கள் என்று பட்டியல் நீள்கிறது. நடுவே ஒரு வரியில் யூதா நாட்டு அரசன் யாவுகின். பக்கத்திலேயே அவருடைய ஐந்து மகன்களுக்குத் தனி அளவு.

வேதாகமத்தில் இவர் பெயர் யோயாக்கீன். பதினெட்டு வயதில் எருசலேமின் அரியணை ஏறியவர். மூன்றே மாதம். கி.மு. 597-ல் பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் நகரைப் பிடித்து, மன்னரையும் தாயையும் அதிகாரிகளையும் பாபிலோனுக்கு நடத்திச் சென்றார். எபிரேய மொழியில் அரசனுக்கு ‘மஷியாஹ்’ என்று ஒரு பெயர் உண்டு, தலையில் எண்ணெய் வார்க்கப்பட்டவன் என்று பொருள். மேசியா என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். எண்ணெயால் அரசனானவர் பிறகு எண்ணெய்க்குக் கையேந்தி நின்றார் என்று களிமண் சொல்கிறது.

இவருடைய பேரனைப் பற்றியதுதான் இன்றைய கதை. பெயர் செருபாபேல்.

அதற்குமுன் ஒரு மோதிரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யோயாக்கீன் நாடு கடத்தப்பட்ட காலத்தில் எருசலேமில் எரேமியா என்ற தீர்க்கதரிசி இருந்தார். வாய்க்குப் பூட்டுப் போடாத மனிதர். இந்த அரசன் கடவுளின் வலக்கை முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் அவர் கழற்றி எறிந்துவிடுவார் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதோடு விடவில்லை. இவனைப் பிள்ளையில்லாதவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், இவன் வம்சத்தில் ஒருவனும் தாவீதின் அரியணையில் உட்காரப்போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கணையாழி என்றால் நமக்கு அசோகவனமும் அனுமனும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் அது ஆட்சியின் கையெழுத்து. ஈரக் களிமண்ணில் அந்த மோதிரம் அழுந்தினால்தான் ஓலை செல்லும், கிடங்கு திறக்கும். மோதிரம் கழன்றது என்றால் அதிகாரம் கழன்றது என்று அர்த்தம்.

கி.மு. 586-ல் எருசலேம் எரிந்தது, ஆலயமும் எரிந்தது. யோயாக்கீனுக்குப் பிறகு வந்த சிதேக்கியாவின் கண்களைப் பிடுங்கினார்கள். தாவீதின் வம்சம் நானூறு வருடம் ஆண்ட கதை அங்கே முடிந்தது. முடிந்ததாக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால்தான் நமக்கு இந்த அத்தியாயம் கிடைத்திருக்கிறது.

பிறகு பாபிலோனே விழுந்தது. கி.மு. 539-ல் பாரசீகத்தின் சைரஸ் உள்ளே நுழைந்தார். கோரேசு என்று வேதாகமம் அழைப்பது இவரைத்தான். ஏசாயா நூலின் 45-ம் அதிகாரம் இவரையே கடவுளின் ‘மஷியாஹ்’ என்கிறது. தாவீதின் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாத, அந்தக் கடவுளின் பெயரையே அறியாத ஒரு மன்னருக்கு அந்தப் பட்டம்! வரப்போகும் அரசர் யார் என்ற கேள்விக்கு எபிரேயர்கள் எப்போதும் ஒரே பதிலை வைத்திருந்ததாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சைரஸின் அனுமதியோடு யூதர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். ஊர் என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. மதில் இல்லை, ஆலயம் இல்லை, மழையும் பொய்த்தது. பல வருடம் கழித்து அந்த மாகாணத்தின் ஆளுநராகப் பாரசீகர்களின் கீழ் நாம் பார்ப்பது செருபாபேலை. ‘பாபிலோனின் வித்து’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அக்காடிய மொழிப் பெயர். தாவீதின் வாரிசுக்குச் சொந்த மொழியில் ஒரு பெயர்கூட இல்லை. (அவருடைய தகப்பன் யார் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆகாய் நூல் செயல்தியேல் என்கிறது, நாளாகமம் பெதாயா என்கிறது. இருவரும் யோயாக்கீனின் மகன்கள், ஆகவே தாத்தா விஷயத்தில் குழப்பம் இல்லை.)

இனி தேதிகளுக்கு வருவோம். தீர்க்கதரிசனங்களைப் படிக்க உட்காரும் வரலாற்றுக்காரனுக்கு இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் அபூர்வம். ஏசாயாவின் அழகான பாடல்கள் பலவற்றுக்குத் தேதி கிடையாது; எந்த அரசனை நினைத்துப் பாடியது என்று இன்றும் சண்டை நடக்கிறது. செருபாபேல் காலத்துத் தீர்க்கதரிசி ஆகாயின் நூல் அப்படி இல்லை. இரண்டே அதிகாரம், ஒவ்வொரு பேச்சுக்கும் வருடம், மாதம், நாள். தினத்தந்தி போட்ட மாதிரி இருக்கும். எல்லாம் பாரசீக மன்னர் டேரியஸின் இரண்டாம் வருடம். ஆய்வாளர்கள் பாபிலோனியப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, முதல் பேச்சு கி.மு. 520 ஆகஸ்டு 29, கடைசிப் பேச்சு அதே வருடம் டிசம்பர் 18 என்கிறார்கள்.

முதல் பேச்சில் ஆகாய் ஊராரைத் திட்டுகிறார். உங்கள் வீட்டுக்கு மட்டும் மச்சு போட்டுக்கொண்டீர்கள், கடவுளின் வீடு பாழாய்க் கிடக்கிறது, அதனால்தான் விதைத்தது விளையவில்லை, வாங்கிய கூலி ஓட்டைப் பையில் போட்டதுபோல் ஒழுகுகிறது என்கிறார். மக்கள் எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தீர்க்கதரிசி சொன்னதை ஊர் உடனே கேட்டது என்பது எபிரேய வரலாற்றில் அதிசயம். எரேமியாவைச் சேற்றுக் குழியில் இறக்கிய ஊர் அது.

கடைசிப் பேச்சு ஊருக்கானது அல்ல, செருபாபேல் ஒருவருக்கு மட்டும். வானமும் பூமியும் அசையப்போகின்றன, ராஜ்யங்களின் சிங்காசனங்கள் கவிழப்போகின்றன, ரதங்கள் புரளப்போகின்றன. அந்த நாளில், என் ஊழியனே, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், ஏனென்றால் உன்னையே தெரிந்துகொண்டேன் என்று கடவுள் சொல்வதாக முடிகிறது.

அதே மோதிரம்! தாத்தாவின் பெயரைச் சொல்லி எரேமியா கழற்றியதைப் பேரனின் பெயரைச் சொல்லி ஆகாய் திரும்ப மாட்டுகிறார். 77 வருடம் கழித்தும் அந்தச் சாபத்தை ஊர் மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘ஊழியன்’ உண்டு, ‘தெரிந்துகொண்டேன்’ உண்டு. இரண்டும் தாவீதுக்கு வழங்கிய சொற்கள். ‘அரசன்’ மட்டும் இல்லை. மஷியாஹ் இல்லை, எண்ணெய் இல்லை. செருபாபேலை ஆளுநர் என்றே ஆகாய் கூப்பிடுகிறார்.

இந்த அடக்கத்துக்கு ஒரு காரணத்தை ஈரானில், கெர்மான்ஷா பக்கத்தில் உள்ள ஒரு மலைமுகத்தில் பார்க்கலாம்.

பெஹிஸ்தூன் கல்வெட்டு. 19-ம் நூற்றாண்டில் ஹென்றி ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி உயிரைப் பணயம் வைத்து ஏறிப் படியெடுத்தது. டேரியஸ் ஒருவன் மார்பில் கால் வைத்து நிற்கிறார். எதிரே கழுத்தில் கயிறு பூட்டிய கலகக்காரர்கள் வரிசை. ஒரே வருடத்தில் 19 போர், 9 ‘அரசர்கள்’ பிடிபட்டார்கள் என்று மூன்று மொழிகளில் மார்தட்டுகிறார். கி.மு. 522-ல் முந்தைய மன்னர் காம்பைசஸ் இறந்ததும் ஆட்சிக்கு வந்த இவருக்கு எதிராகப் பேரரசே எழுந்தது. கலகக்காரர்களில் பலர் கையாண்ட உத்தி ஒன்றுதான்: நான் பழைய அரச குடும்பத்து வாரிசு என்று சொல்வது. பாபிலோனில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு பேர் தங்களை பாபிலோனின் கடைசி மன்னர் நபோனிதுவின் மகன் நேபுகாத்நேச்சார் என்று அறிவித்துக்கொண்டார்கள். மேதிய நாட்டின் பிரவர்த்தீஷ், தான் பழைய மேதிய வம்சம் என்றான். அவனுடைய மூக்கையும் காதுகளையும் நாக்கையும் அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, அரண்மனை வாசலில் கட்டிவைத்து ஊராருக்குக் காட்டிவிட்டுக் கழுவேற்றியதாக டேரியஸே எழுதிவைத்திருக்கிறார்.

இந்தச் சேதி யூதர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்கலாம். அந்தக் கல்வெட்டின் அரமேய மொழிப் படி ஒன்று, பாப்பிரஸ் சுருளாக எகிப்தின் எலிபன்டைன் தீவில் கிடைத்தது. பாரசீகர்களிடம் கூலிக்குப் போர்புரிந்த யூதச் சிப்பாய்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. படி ஒரு நூற்றாண்டு பிந்தியதுதான், ஆனால் டேரியஸ் தன் கதையை எங்கெல்லாம் அனுப்பினார் என்பதற்கு அது போதும்.

இப்போது செருபாபேலின் நிலையை யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் பொய்யாகச் சொன்னதை இவர் வாய் திறக்காமலேயே உண்மையாகச் சுமந்தார். அசல் வாரிசு. அதுவும் பாரசீகர்களே கொடுத்த பதவியில்.

கலகங்களின் பரபரப்பில்தான் ஆகாய் அப்படிப் பேசினார் என்று பழைய பாடநூல்கள் எழுதின. தேதிகள் அதற்கு முழுசாக ஒத்துழைக்கவில்லை. பாபிலோனின் இரண்டாவது நேபுகாத்நேச்சார் கி.மு. 521 நவம்பரிலேயே பிடிபட்டாயிற்று. ஆகாயின் கடைசிப் பேச்சு அதற்கு ஒரு வருடம் பிந்தியது. ஏலாமில் மட்டும் புகை அடங்கவில்லை. என் எண்ணத்தில், ஆகாய் கலகத்தைப் பார்த்துப் பேசியவர் அல்ல, கலகம் அடங்கியதைப் பார்த்துப் பேசியவர். இத்தனை அரியணைகள் ஆடின, எங்கள் அரியணை மட்டும் அசையவே இல்லையே என்ற ஏக்கம்தான் அந்தப் பேச்சில் கேட்கிறது.

அவருடைய சக தீர்க்கதரிசி சகரியா அதையே காட்சியாகக் காண்கிறார். கி.மு. 519 பிப்ரவரி 15. உலகைச் சுற்றிவந்த குதிரைவீரர்கள் மிருதுச் செடிகளுக்கு நடுவே நின்று, பூமி முழுவதும் அமைதியாக இருக்கிறது என்று அறிக்கை தருகிறார்கள். நல்ல சேதிதானே? அதைக் கேட்ட தேவதூதர் இன்னும் எத்தனை காலம் என்று முறையிடுகிறார். டேரியஸின் அமைதி அவர்களுக்குக் கெட்ட சேதி.

சகரியாவிடம்தான் இந்த வாரத்தின் பெரிய புதிர் இருக்கிறது. ஆறாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து மூவர் வெள்ளியும் பொன்னும் கொண்டுவருகிறார்கள். அதை வாங்கிக் கிரீடங்கள் செய், தலைமைக் குருவான யோசுவாவின் தலையில் வை என்று சகரியாவுக்குக் கட்டளை. பிறகு அவரிடம் சொல்ல வேண்டியது: இதோ ‘ட்செமாஹ்’ என்ற பெயருடைய மனிதன், அவன் ஆலயத்தைக் கட்டுவான், அரியணையில் அமர்ந்து ஆளுவான், அருகே ஒரு குருவும் இருப்பார், இருவருக்கும் இடையே சமாதானம் இருக்கும்.

தமிழ் வேதாகமம் ‘ட்செமாஹ்’வைக் கிளை என்று மொழிபெயர்த்தது. மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகிற முளை என்பது இன்னும் நெருக்கம். வெட்டிய மரத்திலும் முளை வரும் அல்லவா? சைப்ரஸில் கிடைத்த பினீசியக் கல்வெட்டு ஒன்றில் இதே சொல் முறையான வாரிசைக் குறிக்கிறது. குலக்கொழுந்து என்று நாம் சொல்வதேதான். எரேமியாவும் தாவீதுக்கு ஒரு நேர்மையான முளை வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். ‘பாபிலோனின் வித்து’ என்று பெயர் கொண்டவருக்கு முளை என்று பட்டம் கொடுத்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், புரிந்தும் கொண்டிருப்பார்கள்.

புதிர் இதுதான். எபிரேயத்தில் கிரீடங்கள் என்று பன்மை. தலையோ ஒன்று. அதுவும் குருவின் தலை. அரசனுக்கான பேச்சு முழுவதும் நடக்கிறது, அரசனின் தலையைக் காணோம். ஆலயத்தைக் கட்டி முடிப்பது செருபாபேலின் கைதான் என்று இதே நூலின் நான்காம் அதிகாரம் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறது. ஆறாம் அதிகாரத்தில் அந்தப் பெயர் இல்லை.

ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன் போன்றோர் துப்பறிவாளர்போல் ஒரு விடை சொன்னார்கள். மூலத்தில் கிரீடம் செருபாபேலுக்குத்தான். அவர் கதை கைகூடாமல் போன பிறகு யாரோ பெயரை மாற்றிவிட்டார்கள். ஒரு தலைமுறை முழுவதும் இதை நம்பியது. எனக்குச் சந்தேகம். பெயரை அடிக்கத் துணிந்த கை, கிரீடத்தின் பன்மையை ஏன் விட்டுவைத்தது? அருகே நிற்கும் இன்னொரு குருவை ஏன் விட்டுவைத்தது? ஆகாயில் செருபாபேலின் மோதிரம் அப்படியே மின்னிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் ஏன் கத்தரிக்கோல்? பன்மையே பிரச்சினை இல்லை, எபிரேயத்தில் ஒரே கிரீடத்துக்கும் அந்த வடிவம் வரலாம் என்பவர்களும் உண்டு. சில வசனம் தள்ளி அதே சொல்லுக்கு வினை ஒருமையில்தான் இருக்கிறது. வோல்ட்டர் ரோஸ் என்ற ஆய்வாளர் வேறு முனையைப் பிடித்தார். செருபாபேல் ஆளுநராக அந்த ஊரிலேயே இருக்கும்போது, முளை இனி வரும் என்று ஏன் எதிர்காலத்தில் பேச வேண்டும்? ஆகவே முளை வேறொருவர், பிறகு வருபவர் என்றார்.

இதில் நவீன மூளைக்குப் பெருமை சேர்க்க ஒன்றும் இல்லை. பிரான்சின் திரோவா நகரில் 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி, முளை என்றால் செருபாபேல்தான் என்று உரை எழுதினார். மேசியா என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் இங்கே பேச்சு முழுவதும் இரண்டாம் ஆலயத்தைப் பற்றியது என்று காரணமும் சொன்னார். பக்திமானான யூத உரையாசிரியர், அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் அதே இடத்தில் மேசியா என்றே எழுதியிருந்தும், இடம் பொருள் பார்த்துப் படித்திருக்கிறார்.

கிரேக்க மொழிபெயர்ப்பில் நடந்தது இன்னும் சுவையானது. முளை என்ற சொல் அங்கே ‘உதயம்’ ஆனது. யோசுவா என்ற பெயர் கிரேக்கத்தில் ‘இயேசு’ என்றே எழுதப்படும். ஆக, கிரேக்கத்தில் படித்தவர் கண்ணுக்கு இயேசு என்ற தலைமைக் குருவின் தலையில் கிரீடம் ஏறியது. 2-ம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரான ஜஸ்டின், திரைபோ என்ற யூதரோடு விவாதிப்பதாக எழுதிய நூலில் சகரியாவின் யோசுவாவை இயேசுவின் நிழலாகவே எடுத்துக்கொண்டார். திரைபோ வகையறாவுக்கு எபிரேயத்தில் அந்தக் கதவே கண்ணில் பட்டிருக்காது.

அந்தக் கிரீடம் என்ன ஆனது? நூலே சொல்கிறது: அதைக் கொண்டுவந்தவர்களின் நினைவாக ஆலயத்தில் வைக்கப்பட வேண்டும். பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் இந்த வசனம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிரீடம் இருக்கிறது, அணிந்துகொள்ள ஆள் இல்லை, ஆனால் உருக்கவும் மனம் வரவில்லை. மாட்டிவைத்தார்கள்.

செருபாபேல் பிறகு காணாமல் போகிறார். நதிக்கு அப்புறமுள்ள மாகாணத்தின் ஆளுநர் தத்னாய் வந்து, யார் அனுமதியில் கட்டுகிறீர்கள், உங்கள் தலைவர்களின் பெயர் என்ன என்று விசாரித்ததை எஸ்றா நூல் சொல்கிறது. டேரியஸின் ஆறாம் வருடம், கி.மு. 515-ல் ஆலயம் முடிந்தது. கட்டி முடித்தவர்கள் மூப்பர்கள் என்கிறது எஸ்றா. ஆகாய், சகரியா பெயர்கள்கூட வருகின்றன. அடிக்கல் வைத்த செருபாபேலின் பெயர் அங்கே இல்லை. பாரசீகர்கள் கொன்றுவிட்டார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நாவலுக்கு நல்ல முடிவு, ஆதாரம்தான் பூஜ்யம். வயதாகி இறந்திருக்கலாம், பதவிக்காலம் முடிந்து திரும்ப அழைக்கப்பட்டிருக்கலாம்.

ஒரே ஒரு துணுக்கு. நாளாகமம் அவருடைய மகள் செலோமீத்தின் பெயரைத் தருகிறது. வம்சப் பட்டியலில் மகள் பெயர் வருவது அரிது. நஹ்மான் அவிகாத் 1976-ல் வெளியிட்ட முத்திரைத் தொகுப்பில், ஆளுநர் எல்நாதானைச் சேர்ந்த செலோமீத் என்று ஒரு பெண்ணின் முத்திரை இருக்கிறது. இருவரும் ஒருவரேயானால், அடுத்து வந்த ஆளுநர் தாவீதின் வீட்டில் பெண் எடுத்திருக்கிறார் என்று எரிக் மையர்ஸ் ஊகித்தார். ஊகம்தான். மோதிரம் பேரனுக்குக் கிடைக்கவில்லை, கொள்ளுப்பேத்திக்கு ஒரு முத்திரை கிடைத்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறேன்.

நடக்காத சொல்லை ஊர் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. சகரியா கண்ட இரண்டு ஒலிவ மரங்களை அவர் ‘எண்ணெயின் மக்கள்’ என்றார், ஒருவர் அரசர், ஒருவர் குரு. (அபிஷேக எண்ணெய்க்கான வழக்கமான சொல்லை அங்கேயும் அவர் தவிர்த்திருக்கிறார்.) சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குழுவினர் குருக்களின் மூதாதையான ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று இருவருக்காகக் காத்திருந்தார்கள். ரோமுக்கு எதிராக கி.பி. 132-ல் எழுந்த பார் கோக்பாவின் காசுகளில் இஸ்ரவேலின் தலைவன் சீமோன் என்று ஒரு பெயர், குரு எலெயாசார் என்று இன்னொரு பெயர். 650 வருடத்துக்கு முந்தைய அதே ஜோடி. தாவீதின் முளை விரைவில் தழைக்க வேண்டும் என்று யூதர்கள் அன்றாட ஜெபத்தில் இன்றும் கேட்கிறார்கள்; அந்தச் சொல்லும் ‘ட்செமாஹ்’தான். மத்தேயுவும் லூக்காவும் தரும் இயேசுவின் வம்சப் பட்டியல்கள் தாவீதுக்குப் பிறகு வேறு வேறு வழியில் பிரிகின்றன. இரண்டும் வந்து சந்திக்கும் இடம் செயல்தியேலும் செருபாபேலும்.

கி.பி. 7-ம் நூற்றாண்டில், பாரசீகமும் பைசாந்தியமும் எருசலேமுக்காக மோதிக்கொண்டிருந்த காலத்தில், எபிரேயத்தில் ஒரு புத்தகம் எழுதப்பட்டது. பெயர் ‘செருபாபேலின் புத்தகம்’. அதில் அவரை ஆவி ரோமாபுரிக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே ஊரார் அருவருக்கும், காயம்பட்ட ஒரு மனிதரைப் பார்க்கிறார். அவர்தான் மேசியா, காலம் வரும்வரை மறைந்திருக்கிறார் என்று சொல்லப்படுகிறது. ஒருகாலத்தில் தன் தலைக்கே கிரீடம் வரும் என்று ஊர் காத்திருந்த செருபாபேல், அந்த அரசர் எப்போது வருவார் என்று தேவதூதரிடம் கேட்கிறார்.

(தொடரும்)